படிச்சுட்டுப் போன பசங்க சம்பளத்தை வச்சு காலேஜுக்கு நிதி: டெக்ஸாஸ்ல என்ன பண்ணாங்க, அதுல நமக்கு என்ன இருக்கு

2013ல அமெரிக்காவுல டெக்ஸாஸ் மாநில சட்டசபை ஒரு முடிவு எடுத்துச்சு. டெக்ஸாஸ் ஸ்டேட் டெக்னிக்கல் காலேஜ்னு ஒரு அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, சுருக்கமா டி.எஸ்.டி.சி. அதுக்கு பாடம் நடத்தவும் நிர்வாகத்துக்கும் மாநில அரசு குடுக்குற காசு இனிமே எத்தனை பேர் சேர்ந்தாங்க, எவ்ளோ நேரம் கிளாஸ்ல உக்காந்தாங்கன்னு பார்த்து வராது, படிச்சுட்டு வெளிய போனவங்க எவ்ளோ சம்பாதிக்கிறாங்கன்னு பார்த்துதான் வரும். இதுல எனக்கு பெரிய ஆச்சரியம் என்னன்னா, இதை அரசு காலேஜ் தலையில கட்டல, அந்த காலேஜே போய் கேட்டு வாங்கிக்கிச்சு.

வேலைவாய்ப்பு சந்தைக்கு ஏத்த மாதிரி படிப்பை மாத்தணும்னு எல்லா ஊர்லயும் எல்லா மேடையிலயும் பேசுறாங்க. எந்த டேட்டாவைப் பார்த்து மாத்துறது, அந்த டேட்டா எங்க இருந்து வருது, அது தப்பா இருந்தா யாருக்கு நஷ்டம்னு கேட்டா பேச்சு அங்கேயே நின்னுடும். டி.எஸ்.டி.சி. கதைல இந்த மூணு கேள்விக்கும் பதில் இருக்கு, சில பதில் அவ்ளோ நல்லாவும் இல்ல, அதனாலதான் இதை முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

காலேஜ் பத்தி கொஞ்சம். 1965ல வேக்கோங்கற ஊர்ல, ஜேம்ஸ் கானலி விமானப்படைத் தளம் இருந்த இடத்துல, டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குக் கீழ ஆரம்பிச்சாங்க. 1969ல தனியா பிரிஞ்சுது, 1991ல இப்ப இருக்குற பேரு வந்துச்சு. வெல்டிங், டீசல் மெக்கானிக், ஏ.சி. மெக்கானிக், மின்வாரிய லைன்மேன் வேலை, இன்ஸ்ட்ருமென்டேஷன், விமான மெக்கானிக், இந்த மாதிரி கோர்ஸ்தான் அங்க முக்கியம். நம்ம ஊர் கணக்குல சொன்னா ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் நடுவுல எங்கயோ வரும். சேர வர்றவங்களை மார்க் பார்த்து வடிகட்டுறது கிடையாது, கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

பழைய ஃபார்முலால என்ன பிரச்சினை

முன்னாடி காசு வந்தது மணிக்கணக்குல. ஒரு மாணவர் ஒரு மணி நேரம் கிளாஸ்ல இருந்தா அது ஒரு யூனிட், எல்லா யூனிட்டையும் கூட்டி, கோர்ஸுக்கு இவ்ளோன்னு ரேட் போட்டு நிதி. டெக்ஸாஸ்ல கிளாஸ் ஆரம்பிச்சு பன்னிரண்டாவது நாள் ரிஜிஸ்டர்ல யார் பேர் இருக்கோ அதுதான் அதிகாரபூர்வ எண்ணிக்கை. பதிமூணாவது நாள் ஒரு பையன் நின்னுட்டான்னா கணக்குல ஒரு மாத்தமும் இல்ல.

இந்த முறைல காலேஜ் நடத்துறவங்க கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல, நல்லவங்களா இருந்தாலும் பாதை ஒரு பக்கமாத்தான் சாயும். ஆள் சேருற கோர்ஸ்னா நல்ல கோர்ஸ், கூட ரெண்டு செமஸ்டர் இழுத்தா கூட கொஞ்சம் காசு, பையன் நாலு மாசத்துல வேலை கிடைச்சு போயிட்டான்னா காலேஜுக்கு நஷ்டம். வெளிய அந்த வேலைக்கு ஆள் தேவைப்படுதா இல்லையாங்கற கேள்வி பட்ஜெட்ல எங்கயுமே வராது. எந்தத் தொழிலுக்கு ஆள் வேணும்னு அறிக்கை எழுதலாம், கமிட்டி போடலாம், கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு டீ குடுத்து மீட்டிங் போடலாம், ஆனா ஜூன் மாசம் சீட்டு நிரம்புதான்னுதான் பிரின்சிபால் தூக்கம் கெடும்.

2011ல டெக்ஸாஸ் பட்ஜெட்ல பெரிய பள்ளம் விழுந்து உயர்கல்வி நிதியையும் வெட்டினாங்க. அந்த நெருக்கடிக்கு நடுவுலதான் டி.எஸ்.டி.சி. வேந்தரா இருந்த மைக் ரீசர் பக்கத்துல இருந்து இந்த யோசனை வலுவா வந்துச்சு: எங்க பசங்க வேலைக்குப் போய் சம்பாதிச்சா மட்டும் எங்களுக்கு காசு குடுங்க, அவங்களால மாநிலத்துக்கு என்ன திரும்ப வருதோ அதுல ஒரு பங்கு போதும். அங்க வேந்தர்னா நம்ம ஊர் ஆளுநர் மாதிரி பட்டமளிப்புக்கு வந்துட்டுப் போறவர் இல்ல, முழுநேர நிர்வாகத் தலைவர்.

புது கணக்கு எப்படி

ஒரு மாணவர் காலேஜை விட்டுப் போனப்புறம் அஞ்சு வருஷத்துக்கு அவரோட சம்பளத்தை எடுக்குறாங்க. டிப்ளமா முடிச்சவங்க மட்டும் இல்ல, ஓரளவு கிரெடிட் எடுத்துட்டு பாதியில போனவங்களும் கணக்குல உண்டு. இது எனக்குப் பிடிச்ச அம்சம், ஏன்னா வெல்டிங் மாதிரி தொழில்ல பாதியிலயே கம்பெனி ஆள் வந்து கூட்டிட்டுப் போயிடுவான், அதை டிராப் அவுட்னு எழுதி காலேஜை திட்டுறதுல நியாயம் இல்ல.

அந்த சம்பளத்துல இருந்து குறைந்தபட்ச கூலியைக் கழிக்கிறாங்க. அமெரிக்க மத்திய அரசோட குறைந்தபட்ச கூலி 2009ல இருந்து மணிக்கு 7.25 டாலர், வருஷத்துக்கு 2,080 மணி நேரம்னு வச்சா 15,080 டாலர் வருது. எந்தப் படிப்பும் இல்லாம போனாலும் ஒருத்தருக்கு இவ்ளோ கிடைச்சிருக்கும்ங்கறது அனுமானம். ஒரு பையன் வருஷத்துக்கு 40,000 டாலர் வாங்குறான்னா மீதி 24,920 டாலர்தான் படிப்பால வந்த கூடுதல். அந்தக் கூடுதல்ல இருந்து மாநில கஜானாவுக்கு எவ்ளோ வரும், அவன் அதை ஊருக்குள்ள செலவு பண்றதால இன்னும் எவ்ளோ சுத்தும்னு ஒரு பெருக்கல் போட்டு, கடைசில வர்ற தொகைல ஒரு பங்கைக் காலேஜுக்கு ஒதுக்குறாங்க. டெக்ஸாஸ்ல மாநில வருமான வரி கிடையாது, அதனால கஜானாவுக்கு வர்றது பெரும்பாலும் விற்பனை வரி மாதிரி வழிகள்ல, மறைமுகமா.

இந்த 15,080ங்கற கோட்டைக் கவனிங்க. கோடு எவ்ளோ தாழ்வா இருக்குன்னு பார்த்தா தாண்டுறது சுலபம்னு தோணும், தாண்டுறது சுலபம்தான், ஆனா தாண்டினதுக்கு மேல எவ்ளோங்கறதுதான் காசு. வருஷம் 22,000 டாலர் வேலைக்கு அனுப்புற கோர்ஸும் 55,000 டாலர் வேலைக்கு அனுப்புற கோர்ஸும் பழைய ஃபார்முலால மணிக்கணக்கு ஒண்ணா இருந்தா ஏறத்தாழ சமம். புது ஃபார்முலால முதல் கோர்ஸ் சுமார் 7,000, ரெண்டாவது சுமார் 40,000, கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். இந்த ஒரு மாத்தத்துலயே ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தன்னோட பழைய மாணவர்கள் எங்க இருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சிருக்கும்னு சொல்லத் தேவையில்ல.

சம்பள ரெக்கார்டு எங்க இருந்து வருது

இதுதான் இந்தக் கதையோட நடு இடம், இங்க கொஞ்சம் பொறுமையா இருங்க. அமெரிக்கால வேலையில்லாதவங்களுக்கு உதவித்தொகை குடுக்க ஒரு காப்பீடு இருக்கு, அதுக்காக ஒவ்வொரு முதலாளியும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை தன்கிட்ட வேலை செய்யறவங்க ஒவ்வொருத்தருக்கும் எவ்ளோ சம்பளம் குடுத்தேன்னு மாநில அரசுக்கு கணக்கு குடுக்கணும். டெக்ஸாஸ்ல இது டெக்ஸாஸ் ஒர்க்ஃபோர்ஸ் கமிஷன் கைல இருக்கு. காலேஜ்கிட்ட இருக்குற மாணவர் பட்டியலையும் இந்த ரெக்கார்டையும் அமெரிக்கால ஆளுக்கு ஒண்ணுன்னு அரசு குடுக்குற சோஷியல் செக்யூரிட்டி நம்பரை வச்சுப் பொருத்திப் பார்த்தா யார் எவ்ளோ வாங்குறாங்கன்னு தெரிஞ்சுடும். மாணவர்கிட்ட போன் பண்ணி கேக்கத் தேவையில்ல, காலேஜ் தானா ஒரு நம்பர் எழுதி அனுப்பவும் முடியாது. வரி கட்டின கணக்கு அது, யாரோட விருப்பத்துக்கும் வளையாது.

ஆனா அந்த ரெக்கார்டுக்குள்ள போய் பார்த்தா பெரிய ஓட்டைகள் இருக்கு. சம்பளம் இருக்கும், முதலாளி பேர் இருக்கும், அந்த முதலாளி என்ன துறைன்னு இருக்கும், ஆனா அந்த ஆள் என்ன வேலை பாக்குறார்னு இருக்காது. வெல்டிங் படிச்ச பையன் ஒரு எண்ணெய் கம்பெனில இருக்கான்னு தெரியும், அங்க வெல்டிங் பண்றானா லாரி ஓட்டுறானா தெரியாது. எத்தனை மணி நேரம் வேலை பார்த்து அந்த சம்பளம் வந்துச்சுன்னும் தெரியாது, வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைச்சு வாங்கினதும் நாப்பது மணி நேரத்துல வாங்கினதும் ஒரே நம்பர்தான். சொந்தமா கடை போட்டவர் இதுல இல்ல. ஏ.சி. மெக்கானிக் படிச்சுட்டு ஒரு வேன் வாங்கி தனியா தொழில் பண்றவன், அந்த கோர்ஸோட ஆகச் சிறந்த வெற்றின்னு நான் சொல்லுவேன், அவன் ரெக்கார்டுல காணாமப் போயிடுவான். மாநிலத்தை விட்டு வெளிய போனவங்களும் அப்படித்தான். டி.எஸ்.டி.சி.க்கு மார்ஷல்னு ஒரு ஊர்ல கேம்பஸ் இருக்கு, லூசியானா எல்லைக்கு ரொம்பப் பக்கம், அங்க படிச்சுட்டு எல்லை தாண்டி வேலைக்குப் போறது சாதாரண விஷயம்.

மாநில எல்லைப் பிரச்சினைக்கு வேற ஒரு வழி 2018ல வந்துச்சு, அமெரிக்க மக்கள்தொகை கணக்கெடுப்புத் துறையும் டெக்ஸாஸ் பல்கலைக்கழக அமைப்பும் சேர்ந்து பட்டதாரிகள் நாடு முழுக்க எங்க போனாலும் சம்பளம் தெரியுற மாதிரி ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. டி.எஸ்.டி.சி. ஃபார்முலாவோட நோக்கம் டெக்ஸாஸுக்கு என்ன திரும்ப வந்துச்சுங்கறது, அதனால எல்லை தாண்டினவன் கணக்குல வராதது மாநிலத்துக்கு சரியாத்தான் இருக்கும். அந்தப் பையனுக்கு படிப்பு உதவுச்சாங்கற கேள்விக்கு அது பதில் இல்ல.

உள்ள என்ன மாறுச்சு

சம்பளம் ஏறாத சில கோர்ஸை மூடினாங்க. வேலை வாங்கித் தர்ற பிரிவு ஓரத்துல ஒரு ரூம்ல இருந்தது, அது காலேஜோட மையத்துக்கு வந்துச்சு. 2015ல தனித்தனி அங்கீகாரத்தோட இருந்த நாலு காலேஜை ஒரே காலேஜா இணைச்சாங்க. 2016ல இன்னொரு படி மேல போய், சில கோர்ஸுக்கு மட்டும் ஒரு உத்தரவாதம் குடுத்தாங்க: முடிச்சு ஆறு மாசத்துக்குள்ள படிச்ச துறைல வேலை கிடைக்கலைன்னா கட்டின ஃபீஸ் திரும்ப. லைன்மேன் கோர்ஸ், வெல்டிங், டீசல், இன்ஸ்ட்ருமென்டேஷன் மாதிரி ஏற்கனவே ஆள் தேவை கொட்டிக் கிடக்குற கோர்ஸா பார்த்துத்தான் எடுத்தாங்க. மாணவர் பக்கமும் கடமை உண்டு, ரெஸ்யூமே எழுதுறது, இன்டர்வியூவுக்கு தயாராகுறதுன்னு காலேஜ் வைக்கிற பயிற்சில உக்காரணும்.

எல்லா கோர்ஸுக்கும் குடுக்காம சிலதுக்கு மட்டும் குடுத்தது விளம்பரம்தானேன்னு கேக்கலாம். எனக்கு அது நேர்மையான காரியமாத்தான் படுது. எந்தெந்த கோர்ஸுக்கு காலேஜ் தன் சொந்தக் காசைப் பணயம் வைக்கத் தயாரா இருக்குன்னு சேர வர்ற பையனுக்கு வெளிப்படையா தெரிஞ்சுபோச்சு. அந்தப் பட்டியல்ல இல்லாத கோர்ஸ்ல சேர்றப்போ அவன் ரெண்டு கேள்வி கூட கேப்பான்.

வேலையோட வகையை ரெக்கார்டு சொல்லாதுன்னு மேல எழுதினேன் இல்லையா, அதனால "படிச்ச துறைல வேலை"ங்கறதை யாராவது ஆளைப் பிடிச்சு விசாரிச்சுத்தான் உறுதி பண்ணணும். கம்ப்யூட்டர் டேட்டா எவ்ளோ வந்தாலும் இந்த ஆள் வேலை குறையல.

கணிப்பு, விளம்பரம், காற்றாலை

சம்பள ரெக்கார்டைத் தவிர வேற ரெண்டு வகை டேட்டாவும் காலேஜ்கள் பாக்குது. ஒண்ணு அமெரிக்க தொழிலாளர் புள்ளியியல் துறையோட பத்து வருஷக் கணிப்பு. இன்னொண்ணு ஆன்லைன் வேலை விளம்பரங்களை லட்சக்கணக்குல திரட்டி விக்கிற கம்பெனிகள், அதுல பெரியது லைட்காஸ்ட். எம்ஸி, பர்னிங் கிளாஸ்னு ரெண்டு கம்பெனி 2021ல இணைஞ்சு 2022ல இந்தப் பேர் வச்சுக்கிட்டாங்க.

கணிப்புல ஏமாறுற இடம் எதுன்னு காற்றாலையை வச்சு சொல்றேன். டி.எஸ்.டி.சி.க்கு ஸ்வீட்வாட்டர்னு ஒரு ஊர்ல கேம்பஸ் இருக்கு, மேற்கு டெக்ஸாஸ்ல. பக்கத்துலயே ராஸ்கோ காற்றாலைப் பண்ணை, 2009ல முடிச்சப்போ 627 டர்பைன், 781.5 மெகாவாட், அப்போ உலகத்துலயே பெரியது. ஆரல்வாய்மொழி பக்கம் பஸ்ல போனவங்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. அந்த டர்பைன் மேல ஏறி ரிப்பேர் பாக்குற டெக்னீஷியன் கோர்ஸ் ஸ்வீட்வாட்டர்ல இருக்கு. இப்ப அரசு கணிப்பைப் பாருங்க, 2023ல இருந்து 2033க்குள்ள காற்றாலை டெக்னீஷியன் வேலை 60 சதவீதம் வளரும், நாட்டுலயே வேகமா வளருற வேலைகள்ல இதுவும் ஒண்ணு. இதைப் படிச்சுட்டு ஊர் ஊருக்கு காற்றாலை கோர்ஸ் ஆரம்பிக்கணும்னு தோணும். ஆனா 2023ல அமெரிக்கா முழுக்க அந்த வேலைல இருந்தவங்களே சுமார் 11,400 பேர்தான். பத்து வருஷத்துல கூடப்போறது ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் கம்மி. வேலையை விட்டுப் போறவங்க இடமும் காலியாகும்தான், ஆனாலும் ஐம்பது மாநிலத்துக்கும் சேர்த்து இது சின்ன எண்ணிக்கை. ஸ்வீட்வாட்டர்ல அந்த கோர்ஸ் நிக்கும், ஏன்னா டர்பைன் ஜன்னல் வழியா தெரியுது. காத்து அடிக்காத ஊர்ல அதே கோர்ஸ் வச்சா பசங்க ஊரை விட்டுத்தான் போகணும்.

மறுபக்கம், அதே கணிப்புல எண்ணிக்கைல ரொம்ப கூடுற வேலை வீட்டுக்குப் போய் வயசானவங்களையும் நோயாளிகளையும் பாத்துக்குற வேலை, எட்டு லட்சத்துக்கும் மேல கூடும்னு போட்டிருக்காங்க. 2023ல அந்த வேலைக்கு நடு சம்பளம் வருஷத்துக்கு 33,500 டாலர் பக்கம். நாட்டுக்கு ஆள் அவ்ளோ தேவை, சம்பளமோ கீழ. சம்பளத்தை வச்சு மட்டும் கோர்ஸை எடை போட்டா, தேவை அதிகமா இருக்குற இந்த வேலைக்கு எந்தக் காலேஜும் ஆள் தயார் பண்ண மாட்டாங்க. தேவையும் சம்பளமும் ஒண்ணாப் போகும்னு பொருளாதாரப் பாடத்துல படிச்சிருப்போம், நிஜத்துல அந்த சம்பளத்தை முடிவு பண்றதுல அரசு குடுக்குற மருத்துவ உதவி ரேட்டுக்கும் பெரிய பங்கு இருக்கு, ஆள் பத்தாததால மட்டும் அது ஏறிடாது.

விளம்பர டேட்டா பத்தி சுருக்கமா. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மையம் 2014ல போட்ட ஆய்வுல மொத்த வேலை வாய்ப்புல 60ல இருந்து 70 சதவீதம்தான் ஆன்லைன்ல வருது, டிகிரி கேக்குற வேலைன்னா 80ல இருந்து 90 சதவீதம் வருதுன்னு கணக்கு சொன்னாங்க. அப்போ ஆபீஸ் வேலை பெருசா தெரியும், பட்டறை வேலை சின்னதா தெரியும். எலக்ட்ரீஷியன் தேவைன்னா காண்ட்ராக்டர் தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி ஆள் எடுப்பார், போர்ட்டல்ல போட மாட்டார். அது போக ஒரே காலியிடத்தை நாலு ஏஜென்சி போட்டா நாலு வேலையா தெரியும். விளம்பரம் எதுக்கு நல்லா உதவும்னா, ஒரு வேலைக்குள்ள என்ன சாஃப்ட்வேர், என்ன மெஷின், என்ன சான்றிதழ் கேக்க ஆரம்பிச்சிருக்காங்கன்னு சீக்கிரமா பாக்க. சிலபஸ்ல எதைச் சேர்க்கணும்னு அது சொல்லும், கோர்ஸையே வைக்கலாமா வேணாமான்னு அதை நம்பி முடிவு எடுக்கக் கூடாதுங்கறது என் அபிப்பிராயம்.

இந்த ஃபார்முலா யாரை விட்டுடுது

முதல்ல, காலம். அஞ்சு வருஷ சம்பளத்தைப் பாக்குறதால காலேஜ் இன்னிக்கு பண்ற மாத்தத்தோட பலன் பட்ஜெட்ல தெரிய பல வருஷம் ஆகும். அதுக்குள்ள சந்தை திரும்பிடும். 2014 நடுவுல கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல இருந்துச்சு, 2016 ஆரம்பத்துல 30க்கும் கீழ போச்சு. எண்ணெய் வயலை நம்பி இருக்குற மாநிலத்துல, 2012ல வெல்டிங் முடிச்சவன் சம்பளத்தைப் பார்த்துட்டு 2016ல சேர்றவனுக்கு அறிவுரை சொன்னா அது தப்பா முடிய வாய்ப்பு நிறைய. அஞ்சு வருஷ சராசரில இந்த ஏத்த இறக்கம் ஓரளவு அடங்கும், ஒரு வருஷம் எண்ணெய் விழுந்ததும் கோர்ஸை மூடிடாம தடுக்கும், அது நல்லதுதான். ஆனா நிரந்தரமா செத்துக்கிட்டிருக்குற தொழிலையும் அதே சராசரி உயிரோட காட்டும்.

ரெண்டாவது, ஊர். டி.எஸ்.டி.சி.யோட ஹார்லிஞ்சன் கேம்பஸ் மெக்சிகோ எல்லைப் பக்கம் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்குல இருக்கு, டெக்ஸாஸ்லயே வருமானம் குறைஞ்ச பகுதிகள்ல ஒண்ணு. அதே ஏ.சி. கோர்ஸ், அதே சிலபஸ், ஆனா படிச்சவன் அம்மா அப்பாவோட அங்கேயே இருந்து வேலை பார்த்தா சம்பளம் கம்மி, ஹூஸ்டன் போயிட்டா ஜாஸ்தி. நம்பரை மட்டும் பாக்குறவங்களுக்கு ஹார்லிஞ்சன் வாத்தியார் சரியா சொல்லிக் குடுக்கலன்னு தோணும். அந்த ஊர்லயும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏ.சி. பழுது பாக்க ஆள் வேணும் இல்லையா.

மூணாவதா நான் ரொம்ப பயப்படுறது, ஆள் பொறுக்குறது. சம்பளத்துக்கு காசுன்னு சொன்னா ஏற்கனவே நல்லா வர்றவங்களை மட்டும் சேர்த்துக்கிட்டா சுலபமா நம்பர் ஏறும். கதவு எல்லாருக்கும் திறந்திருக்குற காலேஜுங்கறதால டி.எஸ்.டி.சி.ல நேரடியா அப்படி பண்ண முடியாது, ஆனா எந்தக் கோர்ஸை எங்க வைக்கிறது, எதை மூடுறதுங்கற முடிவுல அது மறைமுகமா வரலாம். குழந்தைகளைப் பாத்துக்குற படிப்பு, முதியோர் பராமரிப்பு மாதிரி பெண்கள் அதிகம் சேர்ற கோர்ஸ்கள்ல சம்பளம் கம்மி, அதை மூடினா ஃபார்முலா பாராட்டும்.

2023ல டெக்ஸாஸ் சட்டசபை எட்டாம் நம்பர் மசோதான்னு ஒண்ணு போட்டு, மாநிலத்துல இருக்குற ஐம்பது சமுதாயக் கல்லூரி அமைப்புகளுக்கும் பலனை வச்சு நிதின்னு விரிச்சாங்க. அதுல இந்த பாடங்கள் கொஞ்சம் தெரியுது. சும்மா சான்றிதழ் குடுத்தா போதாது, "மதிப்புள்ள சான்றிதழா" இருக்கணும்: படிச்சு பத்து வருஷத்துக்குள்ள, படிப்புக்கு ஆன செலவையும் மீட்டு, பள்ளிக்கூடத்தோட நின்னவரை விட கூடுதலா சம்பாதிச்சிருக்கணும்னு எதிர்பாக்குறாங்க. குறைந்தபட்ச கூலியோட ஒப்பிடுறதை விட இது நியாயமான கோடு. ஏழைக் குடும்பத்துல இருந்து வர்றவங்க, படிப்புல பின்தங்கி வர்றவங்க, 25 வயசு தாண்டி படிக்க வர்றவங்க முடிச்சா காலேஜுக்கு கூடுதல் காசு. அதாவது பொறுக்கி எடுக்குற ஆசைக்கு எதிரா ஃபார்முலாக்குள்ளயே ஒரு எடை வச்சாங்க. எவ்ளோ எடை வச்சா போதும்னு போகப்போகத்தான் தெரியும்.

நம்ம பக்கம் வந்தா

இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு அனுமதி குடுக்குற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. அமைச்ச பி.வி.ஆர். மோகன் ரெட்டி கமிட்டி 2018 கடைசில அறிக்கை குடுத்துச்சு. 2020ல இருந்து புது இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி வேணாம், மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் மாதிரி பழைய பிரிவுல சீட்டு கூட்ட வேணாம்னு சொன்னாங்க. காரணமா காட்டின நம்பர், பழைய பிரிவுகள்ல 40 சதவீதம் சீட்டுதான் நிரம்புது, கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி பிரிவுல 60 சதவீதம். இந்த நம்பர் எதை அளக்குதுன்னு பாருங்க. பிளஸ் டூ முடிச்ச பிள்ளையும் அவங்க அப்பா அம்மாவும் கவுன்சலிங்ல எதை அமுக்குறாங்கங்கறதை அளக்குது. பம்ப் கம்பெனிக்கும் கார் கம்பெனிக்கும் மெட்ரோ வேலைக்கும் எத்தனை இன்ஜினியர் வேணும்ங்கறது அதுல இல்ல. அப்புறம் 2024-25ல இருந்து நல்லா நடக்குற காலேஜ்கள் ஒரு பிரிவுல எத்தனை சீட்டு வேணாலும் வச்சுக்கலாம்னு உச்சவரம்பை எடுத்தாங்க, உடனே எந்தப் பக்கம் சீட்டு ஓடுச்சுன்னு கவுன்சலிங் பட்டியலைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். டெக்ஸாஸோட பழைய மணிக்கணக்கு ஃபார்முலால இருந்த அதே சாய்வுதான் இது, வர்ற கூட்டத்தைப் பார்த்து கடை விரிக்கிறது.

பிளேஸ்மென்ட் நம்பரை நம்பலாமே? காலேஜ் வாசல்ல 95 சதவீதம்னு போர்டு வச்சிருப்பாங்க. கீழ இருக்குற எண்ணிக்கை மொத்த மாணவரா, அரியர் இல்லாம ரிஜிஸ்டர் பண்ணவங்களா? ஒரே பையன் மூணு ஆஃபர் வாங்கினா அது மூணா ஒண்ணா? ஆஃபர் லெட்டர் குடுத்து ஒரு வருஷம் கூப்பிடாம வச்சிருந்தா அது வேலையா? தேசிய தரவரிசைக்கு போற நடு சம்பளம் கூட காலேஜ் தானே எழுதிக் குடுக்குறதுதான்.

நம்மகிட்ட டெக்ஸாஸ் மாதிரி ரெக்கார்டு இல்லையான்னா, பாதி இருக்கு. பி.எஃப். கணக்குல 2014ல இருந்து ஆளுக்கு ஒரு யு.ஏ.என். நம்பர் இருக்கு, 2018ல இருந்து மாசா மாசம் புதுசா எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு வெளியிடுறாங்க. மாணவர் நம்பரோட அதைப் பொருத்தி, பேர் எடுத்துட்டு, கோர்ஸ் வாரியா வெளியிட்டா எவ்ளோ தெரியும்! ஆனா நேரா சம்பளம் தெரிஞ்சுடும்னு நினைக்காதீங்க. பி.எஃப். கட்டாய வரம்பு 2014 செப்டம்பர்ல 15,000 ரூபாய்னு வச்சாங்க, நிறைய கம்பெனி சம்பளம் 40,000 குடுத்தாலும் 15,000க்கு மட்டும்தான் பி.எஃப். கட்டும். அந்த ரெக்கார்டைப் பார்த்தா மெக்கானிக்கலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒரே சம்பளம் வாங்குற மாதிரி தெரியும். காண்ட்ராக்ட் ஏஜென்சி மூலமா போறவங்களுக்கு முதலாளி பேர் ஏஜென்சி பேரா வரும், அவங்க உண்மையில எந்த ஃபேக்டரில நிக்கிறாங்கன்னு தெரியாது. இருந்தாலும் ஒரு விஷயம் அது பொய் சொல்லாது: தொடர்ந்து எத்தனை மாசம் பி.எஃப். கட்டியிருக்காங்க. மூணு வருஷத்துல முப்பது மாசம் கட்டின கோர்ஸுக்கும் பத்து மாசம் கட்டின கோர்ஸுக்கும் வித்தியாசம் இருக்கு, என் கணக்குல நம்ம ஊர்ல முதல்ல அளக்க வேண்டியது இதைத்தான்.

தமிழ்நாட்டுல 2022 மார்ச்ல ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டம், டாட்டா டெக்னாலஜீஸோட சேர்ந்து 2,877 கோடி ரூபாய்ல 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிச்சது, ரெண்டும் பெரிய முதலீடு, மெஷின் எல்லாம் உண்மையாவே புது தலைமுறை. அந்த ஐ.டி.ஐ.ல இருந்து போன பொண்ணு மூணாவது வருஷம் எங்க இருக்கா, மாசம் எவ்ளோ கைக்கு வருது, அந்த மெஷின்தான் ஓட்டுறாளாங்கறதைத் தெரிஞ்சுக்கிட்டா அடுத்து எந்த மெஷின் வாங்கணும்ங்கறதுக்கு அதை விட நல்ல வழிகாட்டி கிடையாது.

அரசு ரெக்கார்டு வர்ற வரைக்கும் ஒரு பாலிடெக்னிக்கோ கலைக் கல்லூரியோ தானா பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. முடிச்சுப் போனவங்களுக்கு முதல் வருஷம், மூணாவது வருஷம், அஞ்சாவது வருஷம் போன் பண்ணுங்க. கைக்கு எவ்ளோ வருது, என்ன வேலை பாக்குறீங்க, எந்த ஊர்ல, அவ்ளோதான் கேள்வி. சி.டி.சி., அதாவது கம்பெனி ஒரு ஆளுக்கு மொத்தமா செலவு பண்றதா காட்டுற தொகையைக் கேக்காதீங்க, கைக்கு வர்றதைக் கேளுங்க. பிளேஸ்மென்ட் ஆபீசரை பண்ண விடாதீங்க, அவர் வேலையை அவரே அளக்குற மாதிரி ஆயிடும், வேற டிபார்ட்மென்ட் ஆளை விட்டுப் பண்ணுங்க. கல்யாணம் ஆகி வேலையை விட்ட பொண்ணுங்களைத் தனியா எழுதுங்க, அவங்களை வேலை கிடைக்காதவங்களோட கலந்துடக் கூடாது. போன் எடுக்காதவங்களை கணக்குல இருந்து தூக்கிடாதீங்க, அறுபது பேர் முடிச்சு முப்பத்தஞ்சு பேர்தான் பேசினாங்கன்னா, சதவீதம் அறுபதுக்குத்தான் போடணும், மீதி இருபத்தஞ்சு பேர் எங்கன்னு தெரியலைன்னு பக்கத்துலயே எழுதி வைக்கணும்.